பண்ணைக் கடலுக்கு வரும் விருந்தாளிகள்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? முற்றத்தைக் கூட்டுவோம். புதிய பாயை விரிப்போம். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைப்போம். வந்தவர் எந்த ஊர், எப்படி வந்தார், வழியில் ஏதும் சாப்பிட்டாரா என்று கேட்டறியாமல் விடமாட்டோம். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்த காரியம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

ஆனால் சகோதரிகளே, ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் தொடங்கும்போது நம் நாட்டின் வட முனைக்கு ஆயிரக்கணக்கான விருந்தாளிகள் வருகிறார்கள். கடவுச்சீட்டும் இல்லை, பயணப்பெட்டியும் இல்லை. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் இரண்டு சிறகுகளை மட்டும் நம்பி வருகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கடல் நீரேரிகளில் ஐந்தாறு மாதம் தங்கி, சித்திரை வெயில் ஏறும்போது திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் வந்ததையோ போனதையோ நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

இந்தக் குளிர்காலத்திலாவது கவனியுங்கள். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு சைக்கிளும், சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஒன்றரை மணி நேர ஓய்வும் இருந்தால் போதும்.

ஏன் இங்கே வருகின்றன?

வடக்கே உறைபனி மூடும் காலத்தில் சேற்றில் உள்ள புழுவும் நத்தையும் நீரில் உள்ள பூச்சியும் கிடைக்காமல் போகும். உணவைத் தேடிப் பறவைகள் தெற்கே இறங்குகின்றன. ஆண்டுதோறும் அவை போய்வரும் வான்வழிகள் சில உலகில் உண்டு. ஆர்க்டிக் கரையிலிருந்து மத்திய ஆசியா, இந்தியா வழியாக வரும் வழிக்கு மத்திய ஆசிய வான்வழி என்று பெயர். அந்த வழியில் இந்தியா முடிந்து கடலைத் தாண்டினால் இலங்கை. அதற்கும் தெற்கே வெறும் சமுத்திரம்தான். ஆகவே பல பறவைகளுக்கு நம் நாடுதான் பயணத்தின் கடைசித் தரிப்பிடம்.

தமிழ்நாட்டின் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்தின் வட கரைக்கும் இடையே உள்ள கடல் சுமார் ஐம்பது, அறுபது கிலோமீற்றர்தான். கோடியக்கரையில் 1967ஆம் ஆண்டிலிருந்து பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் சிறு வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இப்போது வளையத்தோடு நிற்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, செய்மதி மூலம் தொடர்ந்து கவனித்தார்கள். மன்னார் மீனவரின் வலையைச் சுற்றித் திரிந்த அந்தப் பறவை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய் முட்டையிட்டுவிட்டுத் திரும்பி வருவது தெரிய வந்தது!

பறவையின் வல்லமைக்கு எல்லை எது? மூக்கான் இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதக் குஞ்சு ஒன்று 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் டஸ்மேனியாவரை 13,560 கிலோமீற்றர் தூரத்தை எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அதற்கு எடுத்த காலம் 11 நாட்கள். உணவும் இல்லை, உறக்கத்துக்குக் கிளையும் இல்லை. தாய் பறவை கூட வந்து வழி காட்டவும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய நதி கிடையாது. ஆனால் மூன்று பக்கமும் ஆழமற்ற நீரேரிகள். ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் வாடைக்கால மழை அவற்றில் கலக்கும்போது உப்பு குறைந்து, சேற்றில் உயிர்கள் பெருகுகின்றன. முழங்கால் அளவு நீர், மிருதுவான சேறு, நிறைந்த உணவு என்று நெடுங்கால் பறவைகளுக்கு விரிக்கப்பட்ட சாப்பாட்டுச் சுப்ரா அது!

சைக்கிள்தான் வாகனம்

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. பாடசாலைக்கும் சந்தைக்கும் வேலைக்கும் அவர்கள் சைக்கிளில் போவது அந்த ஊரின் வழமை. போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்த நாட்களில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. பிள்ளையை முன்னால் வைத்து, அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிப் பல மைல் மிதித்த தாய்மார்கள் அங்கே அநேகர்.

பறவை பார்க்கவும் அதுவே உகந்தது. நடந்து போனால் தூரம் போக முடியாது. மோட்டார் வண்டியில் போனால் இரைச்சலில் எல்லாம் எழுந்து பறந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளைப் பறவை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. நிறுத்தி இறங்கும்போதுதான் அது தலையை நிமிர்த்தும். ஆகவே பார்க்க விரும்பும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, அசையாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் அது உங்களை மறந்து மேயத் தொடங்கும்.

சில முன்னேற்பாடுகள் தேவை. அபாயா அணிபவர்கள் சங்கிலி மூடியும், பின் சக்கரத்தில் துணி சிக்காத வலையும் உள்ள பெண்கள் சைக்கிளையே எடுங்கள். மங்கலான நிற உடை பறவையை மிரட்டாது. நம் உடை இந்த வேலைக்கு ஏற்கெனவே பொருத்தமானது! தனியே போகாமல் கணவர், சகோதரர், மகள் அல்லது அயல்வீட்டுப் பெண்களோடு கூட்டாகப் போங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு சிறிய கொப்பியும் பென்சிலும் மட்டும் மறக்காதீர்கள்.

இன்னொன்று. மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நகரிலிருந்து தீவுப் பக்கம் போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும், மிதிப்பதே தெரியாது. திரும்பும்போது அதே காற்று நெஞ்சுக்கு எதிரே நிற்கும். ஆகவே பாதி வலுவைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாதையில் போகலாம்?

முதல் பாதை பண்ணைப் பாலம். யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நீரேரி விரிய, நடுவே தெரு ஓடும். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று அது தொடரும். காலையில் அந்தப் பக்கம் போகும்போது வெயில் உங்களுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மீன்பிடிக் கம்புகளின் மேல் வரிசையாக நிற்பவை நீர்க்காகங்களும் ஆலாக்களும். நீரில் கூட்டமாக மிதக்கும் தாராக்களில் வால் ஊசிபோல நீண்டிருந்தால் அது ஊசிவால் தாரா. சைபீரியாவின் ஈர நிலங்களிலும் குஞ்சு பொரிக்கும் இனம். சேற்றில் நீண்ட நேரான அலகை வேர்வரை குத்தி எடுப்பவை மூக்கான்கள். இளஞ்சிவப்புக் கால்களோடு, கடன் வாங்கிய பொய்க்காலில் நடப்பதுபோல் நடப்பது நெடுங்கால் உள்ளான். அகப்பைபோன்ற அலகை நீரில் இடமும் வலமும் வீசி மேய்வது கரண்டிவாயன். அதை ஒருமுறை பார்த்த பிள்ளை பெயரை மறக்காது.

இரண்டாவது பாதை நாவாந்துறையிலிருந்து காக்கைதீவு, கல்லுண்டாய், அராலி வழியாகப் பொன்னாலைக்குப் போகும் தெரு. குடாநாட்டின் ஒரே பருவகால ஓடையான வழுக்கியாறு அராலியில்தான் கடலைச் சேர்கிறது. மழைநீரும் உப்புநீரும் கூடும் அந்த வெளியில் கொக்கும் நாரையும் ஆள்காட்டியும் மேயும். வலுவுள்ளவர்கள் பொன்னாலையிலிருந்து பாலம் கடந்து காரைநகர்வரை போகலாம்.

மூன்றாவது பாதை வல்லைவெளி. பருத்தித்துறைத் தெருவில் தொண்டைமானாற்று நீரேரியைக் கடக்கும் இடம். நகரிலிருந்து தூரம் அதிகம். அதனால் விடுமுறை நாளில் குடும்பமாகப் போவதே உசிதம்.

பூநாரைகளைக் கண்டால் உங்கள் அதிர்ஷ்டம்! தொலைவில் வெண்மையும் ரோசாவுமாக ஒரு கோடு தெரியும். அவை பறக்கும்போது சிறகின் அடியில் சிவப்பும் கறுப்பும் மின்னும். அந்த ரோசா நிறம் பிறவியிலேயே வருவதல்ல. குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். பாசியிலும் சிறு இறால்களிலும் உள்ள நிறச்சத்தைத் தின்று தின்றுதான் சிறகு சிவக்கிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, மாவைச் சலிப்பதுபோல் சலித்து உண்ணும். இவற்றுக்குப் பேர்போன சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

வெளியே போக வாய்ப்பில்லாத சகோதரிகளும் வருந்த வேண்டாம். ஒக்டோபரில் கொல்லைப்புறத்துக்கே ஒரு விருந்தாளி வரும். பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் தவறாமல் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர். இந்தியாவிலிருந்து இரவில் பறந்து வரும் இது, களைத்துப்போய் வீட்டுக்குள்ளும் விழுவதுண்டு. பூனையிடமிருந்து காப்பாற்றி, காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக வைத்து, களைப்பு நீங்கியதும் மரநிழலில் விட்டுவிடுங்கள். பனை இருக்கும் வளவு என்றால் அண்ணாந்து பாருங்கள். ஓலையின் அடியில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரன், நாள் முழுக்க வானத்தில் வட்டமிடும். அது விருந்தாளி அல்ல, நம் ஊர்க்காரன்.

திருமறை காட்டும் பாடம்

தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை மனிதர் பார்க்கவில்லையா என்று கேட்டு, அவற்றைத் தாங்கி நிற்பவன் அளவற்ற அருளாளனே என்று உணர்த்துகிறது அல்முல்க் அத்தியாயத்தின் 19ஆம் வசனம். பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம். அந்நூர் அத்தியாயமோ ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் துதியையும் அறிந்திருக்கிறது என்கிறது. "பாருங்கள்" என்பதும் இறைவனின் கட்டளைதானே! பார்ப்பதும் ஒரு வகை வணக்கம்.

சுலைமான் நபி (அலை) அவர்களுக்குச் செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுத் எது தெரியுமா? தலையில் விசிறிக் கொண்டை வைத்த கொண்டலாத்திதான். நம் நாட்டின் வறண்ட நிலங்களிலும் அது உண்டு. பிள்ளைக்குக் கதை சொல்லி முடித்த பிறகு பறவையையும் காட்டுங்கள். கதை நெஞ்சில் பதியும்.

அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த குருவி இறந்தபோது, அவனிடம் அதைப் பற்றி விசாரித்து ஆறுதல் சொன்னார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். குஞ்சை இழந்து சிறகடித்துத் தவித்த தாய்க்குருவியைக் கண்டு, குஞ்சைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெறிந்து விளையாடிய இளைஞரைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்ததை எடுத்துச் சொல்லிக் கண்டித்தார்கள். நம் பிள்ளையின் கையில் கவண் இருந்தால், இந்த மூன்று சம்பவங்களையும் அவனுக்குச் சொல்வது தாயின் கடமை.

ஹலாலா என்று கேட்ட சிறுவன்

பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1896ஆம் ஆண்டு பிறந்தவர் சாலிம் அலி. சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து மாமா அமீருத்தீன் வீட்டில் வளர்ந்தார். பத்து வயதளவில் ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் வழக்கமான குருவி இல்லை. தொண்டையில் மஞ்சள் புள்ளி! "இதைச் சாப்பிடலாமா, கூடாதா?" என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் ஓடினார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம் கொடுத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அலுமாரிகளில் அடுக்கியிருந்த பறவைகளைக் கண்ட சிறுவன், அதன் பிறகு அந்த உலகத்தைவிட்டு வெளியே வரவேயில்லை. 1941ஆம் ஆண்டு அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் இன்றும் விற்பனையாகிறது. 1987ஆம் ஆண்டு இறக்கும்வரை பறவைகளுக்காகவே வாழ்ந்தார். ஹலாலா என்று கேட்ட ஒரு கேள்வி, ஒரு பெரும் அறிவியல் வாழ்வின் வாசலாயிற்று!

அவரை அறிந்தவர்களில் பலர் ஜமால் ஆராவை அறியார். பீகாரில் 1923ஆம் ஆண்டு பிறந்த முஸ்லிம் பெண். பத்தாம் வகுப்புவரைதான் படித்தார். ஆனால் காட்டோரக் கிராமங்களில் பறவைகளைக் கூர்ந்து கவனித்து, இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரைகள் எழுதினார். 1970ஆம் ஆண்டு சிறுவர்களுக்காகப் பறவை பார்ப்பது பற்றிய அவரது நூலை நேஷனல் புக் ட்ரஸ்ட் வெளியிட்டது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத ஒரு தாய் இவ்வளவு செய்தாரென்றால், நாம் ஒரு கொப்பியில் நாலு வரி எழுத முடியாதா?

ஓர் ஒக்டோபர்

ஒக்டோபர் மாதம் பறவைகள் வரும் மாதம் என்றோம். 1990ஆம் ஆண்டு அதே மாதத்தில்தான் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நாவாந்துறைக் கடலில் விருந்தாளிகள் வந்து இறங்கிய நாட்களில், அந்தக் கரையில் பிறந்தவர்கள் கையில் ஒரு பையோடு தெருவில் நடந்தார்கள்.

பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். அங்கேயும் ஒரு நீரேரி. அங்கேயும் மழைக்காலத்தில் அதே இனத்துத் தாராக்கள், ஆலாக்கள், நெடுங்கால் உள்ளான்கள். 2009இல் போர் முடிந்த பிறகு சில குடும்பங்கள் சோனகத் தெருவுக்குத் திரும்பின. பலர் திரும்பவில்லை. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உம்மாவின் ஊர் என்பது கேட்ட கதை மட்டுமே.

அந்தப் பிள்ளைகளுக்குக் காணி உறுதியைக் காட்டலாம், இடிந்த சுவரைக் காட்டலாம். அவை கசப்பையும் சேர்த்தே காட்டும். பண்ணைப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, "உன் உம்மம்மா சிறுமியாக இருந்தபோது பார்த்த கடல் இதுதான், பார்த்த பறவையும் இதுதான்" என்று காட்டிப் பாருங்கள். ஊரை நேசிக்க அது ஒரு நல்ல தொடக்கம். அயலிலுள்ள தமிழ்ச் சகோதரியின் மகளும் பக்கத்தில் நின்று அதே பறவையைப் பார்க்கட்டும். ஒரே கடலைப் பார்க்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கவும் பழகுவார்கள்.

விருந்தாளிக்கு நாம் வைப்பது என்ன?

இப்போது சற்றுக் கசப்பான விடயம். நகரத்துக் குப்பை பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்த இடம், மேலே சொன்ன கல்லுண்டாய் வெளிதான். பொலித்தீன் காற்றில் பறந்து நீரேரியில் இறங்குகிறது. இறைச்சிக் கழிவுக்குக் காகமும் தெருநாயும் பெருகுகின்றன. வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கும் சிறு ஆலாவுக்கும் அவையே பகைவர். வீட்டில் விருந்தாளிக்குப் பாய் விரிக்கும் நாம், கடலோரத்து விருந்தாளியின் சாப்பாட்டில் குப்பையைக் கொட்டுகிறோம்!

பறவைக்காக மட்டும் சொல்லவில்லை. குடாநாட்டின் கிணற்று நீர் முழுவதும் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைநீரே. உப்புநீரின் மேல் மெல்லிய ஏடுபோல் நன்னீர் மிதக்கிறது. தாழ்நிலங்களையும் குளங்களையும் மூடினால் மழைநீர் நிலத்தில் இறங்க வழியில்லை, வெள்ளம் வடியவும் இடமில்லை. 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் மழை யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியதை மறக்க முடியுமா? பறவை மேயும் நிலம் நம் கிணற்றுக்கும் காவல்.

குப்பை பிறப்பது அடுக்களையில். ஆகவே தீர்வின் முதல் படியும் நம் கையில். மீன் செதிலையும் காய்கறித் தோலையும் வளவில் குழி வெட்டிப் புதையுங்கள், முருங்கைக்கும் வாழைக்கும் உரமாகும். மெல்லிய பொலித்தீன் பைகளும் சாப்பாடு சுற்றும் தாள்களும் 2017ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. சட்டம் கடையில் தோற்றாலும் நம் துணிப்பையில் வெல்லட்டும். குர்பான் நாட்களில் கழிவைக் கரையோரத்தில் வீச விடாதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இதைப் பேசும்படி வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள்.

பிறகு ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்குங்கள். 1987ஆம் ஆண்டிலிருந்து ஜனவரி மாதந்தோறும் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்களும் வாரம் ஒருநாள், ஒரே பாதையில், ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். திகதி, இடம், பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைக் கொப்பியில் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகு, கால் ஆகியவற்றை எழுதுங்கள், மகள் படம் வரையட்டும். கைத்தொலைபேசியில் மெர்லின் என்ற இலவசச் செயலி பெயர் கண்டுபிடிக்க உதவும். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் கள பறவையியல் குழுவும் ஆர்வலரை வரவேற்கும். கூட்டைத் தொடாதீர்கள். கல்லெறிந்து பறக்க விடாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் தெருவைவிட்டு இறங்காதீர்கள்.

காலையில் வெறும் வயிற்றோடு கூட்டைவிட்டுப் புறப்பட்டு, மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு உதாரணமாகக் காட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, புறப்பட்டது. நாமும் புறப்படுவோம். வரும் வெள்ளிக்கிழமை இரவே சைக்கிளுக்குக் காற்றடித்து வையுங்கள். சனிக்கிழமை சுப்ஹுக்குப் பின் மகளை எழுப்புங்கள். விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள்!